குறையாத கூலி





நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கென்று தனிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் காய் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்த பழம் என்று சொல்லப்படும் பன்னீர் திராட்சை, கம்பத்தின் பெயரோடு 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும் மலைக்காற்றும் சேர்ந்து தந்த கொடை என்கிறோம். பந்தலுக்கு அடியில் நாளெல்லாம் தலைநிமிர்ந்து கை தூக்கி நிற்கிற கூலிக்காரர்களின் உழைப்பையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விடியும் முன்பே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறிவிடுகின்றன. பிறகு திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் கூப்பிடுவார்கள். வயலுக்கும் வாழைக்கும் கூப்பிடுவார்கள். கையில் வலு உள்ளவர்களும் முகம் தெரிந்தவர்களும் முதலில் போய்விடுவார்கள். வெயில் ஏறிய பிறகும் ஓரமாக நிற்பவர்கள் யார்? வயதானவர்கள், சீக்காளிகள், யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதவர்கள்.

மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கூலியாட்களின் கதைக்கு நம் ஊரில் விளக்கவுரையே வேண்டாம். தோட்டக்காரர் விடியலில் போய் ஒரு தெனாரியம் கூலி பேசி ஆள் பிடிக்கிறார். காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் போகிறார். ஐந்து மணிக்குப் போனால் அப்போதும் சிலர் நிற்கிறார்கள். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி.

இந்தக் கதையில் இரண்டு இடங்களில் நாம் நின்று கவனிக்க வேண்டும். கூலி கொடுத்த வரிசை முதலாவது. கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்கிறார் தோட்டக்காரர். காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசிய கூலியை வாங்கிக்கொண்டு அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். பின்னால் வந்தவர்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதே தெரிந்திராது. அவர் வேண்டுமென்றே எல்லார் கண்ணுக்கு முன்பாகவும் கொடுக்கிறார். அவருடைய தோட்டத்தில் சமத்துவம் மறைவில் நடக்கிற காரியம் அல்ல, ஊர் பார்க்க நடக்கிற காரியம்.

இரண்டாவது, எழுந்த முணுமுணுப்பு. யாருக்கும் கூலி குறையவில்லை. பேசியது பேசியபடி கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் வயிறு எரிகிறது. எங்களோடு இவர்களையும் சமமாக்கிவிட்டீரே என்பதுதான் அவர்கள் குறை. அவர்கள் இழந்தது ஒரே ஒன்று: இடைவெளி. தங்களுக்கும் அந்தக் கடைசி ஆட்களுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருந்த தூரம் போய்விட்டது. கையில் இருந்த காசைவிட அந்தத் தூரம் அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

இந்த மாதம் உங்களோடு பேச விரும்புவது இதைத்தான். கிறிஸ்தவச் சமத்துவம் நம்மிடமிருந்து எதையும் பறிப்பதில்லை, இடைவெளியைத் தவிர. அந்த இடைவெளியை விடத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

யாக்கோபு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தொழுகைக் கூடத்துக்குள் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் விரலில் பொன் மோதிரம், உடலில் பகட்டான உடை. மற்றவர் உடுத்தியிருப்பது அழுக்குக் கந்தல். முன்னவருக்கு நல்ல இருக்கை காட்டிவிட்டு, பின்னவரை நிற்கவோ கால்மாட்டில் உட்காரவோ சொன்னால் என்ன ஆகும் என்று யாக்கோபு கேட்கிறார். அதை அவர் மரியாதைக் குறைவு என்று சொல்லி விட்டுவிடவில்லை. தீய எண்ணம் கொண்டு தீர்ப்பிடுகிற நீதிபதிகளாக நாம் ஆகிவிட்டோம் என்கிறார். விசுவாசத்தைப் பற்றி அவ்வளவு ஆழமாகப் பேசவந்தவர் எடுத்துக்கொண்ட முதல் சோதனை, வந்தவருக்கு எந்த இடம் காட்டினாய் என்பது. மனத்தில் எல்லாரும் சமம் என்று நினைத்தாயா என்று அவர் கேட்கவில்லை.

கொரிந்து நகரத்துச் சபையிலும் இதே கதைதான். ஆண்டவரின் விருந்துக்குக் கூடியவர்களில் வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு உண்டு குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் கூடிவருவது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கடிந்துகொண்டார். ஓடிப்போன அடிமை ஒனேசிமுவைப் பிலமோனிடம் திருப்பி அனுப்பும்போது, அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்டுக்கொண்டவரும் அவரே. அந்தச் சபை கூடியது பிலமோனின் வீட்டில். ஒனேசிமு இனி அதே வீட்டில், அதே பந்தியில் உட்கார வேண்டும். பவுல் கேட்டது அத்தனை பெரிய காரியம்.

ஏட்டில் இவ்வளவு தெளிவாக இருப்பது நம் மண்ணில் எப்படி நடந்தது? தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் நாம் பெருமைப்பட எத்தனையோ உண்டு. தலைகுனிய வேண்டியதும் உண்டு. குடும்பத்துக்குள் பேசுகிற உரிமையோடு அதைப் பேசுகிறேன்.

மதுரைக்கு மறைப்பணியாளர் இராபர்ட் தெ நொபிலி 1606-ல் வந்தார். அதன்பின் வளர்ந்த மதுரை மறைப்பணியில் சாதிக்கேற்ற ஏற்பாடு ஒன்று உருவாயிற்று. மேல்சாதியினர் நடுவே ஒரு வகைத் துறவிகள், மற்றவர்கள் நடுவே பண்டாரசுவாமிகள். ஓரியூரில் 1693-ல் உயிர் கொடுத்த அருளானந்தர் பண்டாரசுவாமியாக வாழ்ந்தவர்தான். ஆனால் சேரியில் ஒருவர் சாகக் கிடந்தால் அவர் குடிசைக்குள் குருவானவர் போகலாமா என்ற கேள்வி தீராமல் நின்றது. போனால் மற்றச் சாதியார் குருவை அண்டமாட்டார்கள் என்பது பலரின் வாதம். திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704-ல் பிறப்பித்த ஆணையில் குருக்கள் போகாமல் இருப்பதை வெளிப்படையாகக் கண்டித்தார். நோயாளியைத் தூக்கி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அவர் வீட்டுக்குப் போய் அருளடையாளங்களைத் தர வேண்டும் என்றார். அதன்மேல் நாற்பது ஆண்டுகள் வழக்காடினார்கள். 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவாக ஆணையிட்டபோது, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு இடம் கொடுக்கப்பட்டது. சாகிறவரின் வாசலைத் தாண்டுவதற்கு நாற்பது ஆண்டுகள் வாதாடிவிட்டு, கடைசியில் வாசலுக்கும் தனி ஆள் வைத்துக்கொண்டோம்.

அதற்கு அடுத்த ஆண்டு அதே புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் அந்த மக்கள் திரண்டுபோய்க் குருவானவரிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவர் எங்களை வேறாகப் பார்க்கிறாரா என்பது அவர்கள் கேள்வி. குருவானவரிடம் பதில் இல்லை. சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். தகராறு பல நாள் நீடித்தது. இதில் என்னைத் தொடுவது சுவர் இடிந்ததைவிட அந்த மக்கள் கேட்ட கேள்விதான். படிப்பும் பதவியும் இல்லாத அவர்கள் நற்செய்தியைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். சுமார் 280 ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் கேட்டது நம்மைப் பார்த்து இன்றும் கேட்கப்படுகிறது.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர். அங்கே 1872-ல் எழும்பிய திருக்குடும்ப ஆலயத்தைக் கட்டும்போதே இரண்டு கிளையாகக் கட்டினார்கள். பலிபீடம் ஒன்று. அதை நோக்கிவரும் நடுக்கூடங்கள் இரண்டு. ஒன்றில் பிள்ளைமார், முதலியார். மற்றதில் நாடார் முதலிய பிறர். ஒரே திருப்பலியில் பங்கெடுக்கலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. சண்டையில்லாமல் இருக்க அதுவே வழி என்று அன்றைக்குத் தோன்றியிருக்கிறது. இரு பிரிவையும் பிரித்து வைத்த தடுப்புகளை 1910-ல் இடித்தவர் அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குரு அட்ரியன் கௌசானல். திரு இருதயச் சகோதரர்கள் சபையை நிறுவிய அதே கௌசானல் அடிகள். அவருக்கு எளிதாக இருக்கவில்லை. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். ஆலயத்தில் தங்களுக்குத் தனியிடம் உரிமை என்று மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அந்த உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுவர் இடிந்ததால் யாருடைய இடமாவது பறிபோனதா? நற்கருணை குறைந்ததா? குருவின் ஆசீர் குறைந்ததா? எல்லாம் அப்படியேதான் இருந்தது. போனது சுவர் மட்டும். அதற்காக நீதிமன்றப் படி ஏறினார்கள் என்றால், திராட்சைத் தோட்டத்து முணுமுணுப்பு அன்றைக்கும் அடங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சீர்திருத்தச் சபைகளிலும் இதே போராட்டம் நடந்தது. தரங்கம்பாடியில் 1706-ல் இறங்கிய சீகன்பால்க் கட்டிய சபையிலேயே சாதிவாரியாக உட்காரும் வழக்கம் நுழைந்துவிட்டது. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதியை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதினார். தஞ்சையில் எழுந்த எதிர்ப்பில் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1847-ல் திட்டமாக ஒரு முடிவெடுத்தார்கள். சாதியை விடாதவர் சபையில் உறுப்பினராக இருக்க முடியாது என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த சோதனை, ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. உபதேசியார்கள் பலர் வேலையை விட்டார்கள், சோற்றில் கை வைக்கவில்லை. வேதத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்று எண்ணிவிட முடியாது. 2008 மார்ச் மாதம், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஒரே பங்கைச் சேர்ந்த இரண்டு பிரிவுக் கிறிஸ்தவர்கள் மோதிக்கொண்டார்கள். ஆலயத்தில் சம உரிமை இல்லையென்றும், தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டுமென்றும் தலித் கிறிஸ்தவர்கள் கேட்டிருந்தார்கள். கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். அது தவக்காலம். செபமாலை அன்னையின் பெயரால் கூடும் மக்களின் ஊரில், பாடுகளைத் தியானிக்கிற நாட்களில் இரத்தம் சிந்தியது. அந்த இரண்டு குடும்பங்களின் இழப்பும், அவமானப்பட்டவர்களின் வலியும் நமக்கு ஒன்றுபோலவே வலிக்க வேண்டும். திருச்சிப் பக்கம் கோட்டப்பாளையத்தில் மகதலா மரியாள் தேர்த் திருவிழாவில் சம பங்கு கேட்டுத் தலித் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனது அண்மைக் காலத்தில்தான். திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே நின்ற தடுப்புச் சுவரைப் பற்றியும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். உயிரோடு இருக்கும்போது ஏற்பட்ட இடைவெளியை மண்ணுக்குள்ளும் காப்பாற்ற நினைத்தவர்கள், உயிர்ப்பின் நாளில் எந்தப் பக்கமிருந்து எழுந்து வருவார்கள்?

திருச்சபை இதற்கெல்லாம் வாய்மூடி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தின் 32-ஆம் பிரிவு, திருப்பணியின் பொருட்டும் திருநிலையின் பொருட்டும் வருகிற வேறுபாடு, அரசு அதிகாரிகளுக்குச் சட்டப்படி தரும் மரியாதை இவை தவிர, வழிபாட்டில் எந்த ஆளுக்கும் எந்த வகுப்பாருக்கும் தனிச் சிறப்புக் காட்டக் கூடாது என்று விதிக்கிறது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. இந்நாட்டின் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித் மக்கள் என்று சொன்ன அந்த அறிக்கை, தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோனி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினாலானார். சட்டமும் அறிக்கையும் உண்டு, முன்மாதிரியும் வந்துவிட்டது. இனி மிச்சம் நம் ஊரும் நம் தெருவும்தான்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 1950-ல் அதே நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் இசுலாமியர்களும் இன்னும் வெளியே. மதம் மாறியதால் சாதிக் கொடுமை தீர்ந்துவிடவில்லை என்று அரசிடம் சொல்கிறோம். நியாயமான வாதம். அந்த வாதத்தைக் கேட்கிற எவருக்கும் மனத்தில் ஒரு கேள்வி எழும். தீர்ந்துவிடவில்லை என்றால் உங்கள் கோயிலுக்குள்ளும் இருக்கிறதா? கோட்டையில் கேட்கும் நீதியைக் கோயிலில் செய்து காட்டினால்தான் நம் குரலுக்குப் பலம்.

இங்கே சிலர் சொல்வதுண்டு. எங்கள் பங்கில் யாரும் யாரையும் தள்ளி வைக்கவில்லை, நற்கருணை வாங்க ஒரே வரிசையில்தானே வருகிறோம், எதற்கு இல்லாததைக் கிளற வேண்டும் என்பார்கள். அப்படி உண்மையாகவே இருக்கிற ஊர்களுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் ஒரே வரிசையில் வாங்கிய அதே நற்கருணையோடு வெளியே வந்த பிறகு நடப்பதையும் கவனிக்க வேண்டும். காலங்காலமாக இருக்கிற மாமூல்தானே என்று சொல்லப்படுகிற ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். அந்த மாமூலால் தலைநிமிர்கிறவர் யார், தலைகுனிகிறவர் யார்? தலைகுனிகிறவர் எப்போதும் ஒரே தெருவைச் சேர்ந்தவராக இருந்தால் அதை மரபு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சாதி மட்டுமல்ல, பணமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. காரில் வந்து இறங்குகிறவரை ஓடிப்போய் வரவேற்கிறோம். ஜீப்பில் மலையிலிருந்து இறங்கி, ஏலக்காய் வாசமும் மண்ணும் ஒட்டிய உடுப்போடு சாயங்காலச் செபத்துக்கு நேராக வருகிற அக்காவுக்குக் கடைசித் தூணோரம்தான் இடம் என்று அவரே முடிவு செய்துகொள்கிறார். அப்படி அவர் முடிவு செய்யும்படி நாம் இத்தனை காலம் நடந்துகொண்டிருக்கிறோம். நன்கொடை தந்தவரின் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம், நல்லதுதான். பந்தல்கால் நட்டவரையும் பாத்திரம் கழுவியவரையும் திருவிழா மேடையில் ஒருமுறையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமா? வசதியான வீட்டில் சாவு விழுந்தால் பங்கே திரள்கிறது. கூலிக்கார வீட்டில் விழுந்தால் அன்பியத்துப் பெண்கள் நாலு பேர் செபமாலை சொல்லிவிட்டு வருகிறார்கள். ஆண்டவர் முன்னால் இரண்டும் ஒரே சாவுதான்.

பேச்சிலும் கவனம் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மூத்தவர்களை மரியாதையாகக் கூப்பிடச் சொல்லித் தருகிறோம். தெருவில் பெரியவரைக் கண்டால் ஐயா, அண்ணாச்சி, பெரியப்பா என்கிற பிள்ளை, நம் தோட்டத்தில் வேலை செய்யும் அறுபது வயதுக்காரரை வா, போ என்று பேசினால், அதை அது நம்மிடமிருந்துதான் கற்றிருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் வீட்டு முற்றத்தில் பதினோராவது கட்டளை ஒன்றை நாமே கொடுத்துவிடுகிறோம்.

செய்யக்கூடியவை என்ன? பெரிய போராட்டங்களைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பங்கு மனம் வைத்தால் ஓராண்டில் முடிக்கக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். தேர்ப்பவனி எந்தெந்தத் தெருக்களில் போகிறது, எந்தத் தெருவின் முனையில் திரும்பிவிடுகிறது என்று பங்குப் பேரவை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்கட்டும். புனிதரின் திருச்சொரூபம் போகாத தெரு இருந்தால் வரும் திருவிழாவில் அங்கே முதலில் போகட்டும். தலைக்கட்டு வரி எல்லாரிடமும் வாங்குகிறோமா, சிலரிடம் மட்டும் வாங்காமல் விடுகிறோமா என்று பாருங்கள். காசு கேட்காமல் விடுவது கருணை மாதிரித் தெரியும், ஆனால் வரி இல்லாதவருக்குத் திருவிழாவில் பங்கும் இல்லை என்று ஆகிவிடும். இல்லாதவருக்குத் தொகையைக் குறைக்கலாம், பங்கைக் குறைக்கக் கூடாது. வாசகம் வாசிப்பவர்கள், பாடகர் குழுவினர், பீடச் சிறுவர்கள், பேரவை உறுப்பினர்கள் ஆகியோரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் இறந்த தேதிப்படி மட்டும் ஒதுக்கப்படட்டும்.

வீட்டிலும் சில உண்டு. வேலைக்கு வருகிறவருக்குத் தருகிற டம்ளர் நீங்கள் குடிக்கிற டம்ளராக இருக்கட்டும். வாசல் திண்ணையில் அல்லாமல் உள்ளே உட்காரவைத்துத் தாருங்கள். கிறிஸ்து பிறப்பு நாளில் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு எந்த வீடுகளுக்குப் போகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். தந்துவிட்டு மட்டும் வராமல் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கொடுப்பது எளிது. வாங்கிச் சாப்பிடுவதில்தான் சமம் இருக்கிறது. மதுரை மறைப்பணியாளர்கள் வைத்த பழைய சோதனை அதுதானே. தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள், அன்றன்றைக்குக் கொடுங்கள். நற்செய்தியில் வருகிற தோட்டக்காரர் பொழுது சாய்ந்ததுமே கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் செய்தால் ஊரில் பேச்சு வரும். சொந்தக்காரர்களே முகம் திருப்புவார்கள். கௌசானல் அடிகளுக்கும் வந்தது, வில்சன் ஆயருக்கும் வந்தது. அப்போது முகம் திருப்புகிறவர்களிடம் அன்பாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் உங்களுக்குக் குறைந்தது என்ன? கோபமில்லாமல் கேளுங்கள். பதில் தேடும்போதே பலருக்கு மனம் இளகும். அவர்களும் நம் சகோதரர்கள்தான், அவர்களையும் இழந்துவிடக் கூடாது. சுவரை இடிக்கும்போது அதன் இரண்டு பக்கத்திலும் நிற்பவர்களைக் காப்பாற்ற வேண்டும்.

இதுநாள்வரை பின்னால் நின்று, நின்றே பழகிவிட்ட வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு யாரும் இடம் தர வேண்டியதில்லை. திருமுழுக்குப் பெற்ற நாளிலேயே அது உங்களுடையது. அடுத்த ஞாயிறு முன்வரிசையில் போய் உட்காருங்கள். புதுச்சேரியில் 1745-ல் கேட்டவர்களைப் போலப் பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். உங்கள் குரலால் திருச்சபை உடையாது, திருந்தும்.

இந்த இதழ் கைக்கு வந்ததும் உங்கள் அன்பியக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். யாக்கோபின் இரண்டாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். பிறகு பத்து நிமிடம், நம் பங்கில் யாருக்கு எந்த இடம் தருகிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் பேசுங்கள். ஒரே ஒரு காரியத்தையாவது மாற்றுவது என்று முடிவெடுத்து, எப்போது, யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பங்கில் ஏற்கெனவே நல்ல மாற்றம் வந்திருந்தால் அது எப்படி வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்ற ஊர்களுக்கு அது வழிகாட்டும். யாரையும் குற்றம் சொல்லி எழுத வேண்டாம், செய்ததை எழுதுங்கள். வருகிற கடிதங்களை இதே பக்கத்தில் தொடர்ந்து வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்